போர்ப் படத்தில் எந்தப் பொய்யை மன்னிக்கலாம்?

போர்ப் படம் எடுப்பவர் நடந்ததை நடந்தபடியே காட்ட வேண்டுமா, கதைக்காக மாற்றிக்கொள்ளலாமா, மாற்றலாம் என்றால் எதுவரை என்று கேட்டிருக்கிறீர்கள். ‘சேவிங் பிரைவேட் ரையன்’ படத்தின் கடற்கரைக் காட்சியைக் குறிப்பிட்டு, அவ்வளவு தத்ரூபமாக எடுத்த படத்தையும் வரலாறு தெரிந்தவர்கள் ஏன் குறை சொல்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றலாம், மாற்றாமல் ஒரு போரைப் படமாக்கவே முடியாது. பல நாள் நடந்த சண்டையை இரண்டரை மணி நேரத்துக்குள் அடைக்கும்போதே கத்தரிக்கோல் கைக்கு வந்துவிடுகிறது. எதை வெட்டினார்கள், எதை ஒட்டினார்கள் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். நடந்ததைச் சுருக்கி, பல பேருக்கு நேர்ந்ததை ஒருவர்மேல் ஏற்றிச் சொல்வதை நான் தாராளமாக ஒப்புக்கொள்வேன். ஒருவர் செய்ததைத் தலைகீழாக்கிக் காட்டுவதையும், செத்தவர்களைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சீருடையின் பொத்தானும் துப்பாக்கியின் ஓசையும் சரியாக இருப்பது நல்லதுதான். ஆனால் வெளித்தோற்றம் எவ்வளவுக்கு அச்சாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு உள்ளே இருக்கும் பொய்யைக் கேள்வி கேட்காமல் விழுங்கிவிடுகிறோம். இந்த ஆபத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நீங்கள் சொன்ன காட்சியிலிருந்தே தொடங்குகிறேன். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் அமெரிக்கப் படைகள் இறங்கியதைக் காட்டும் பகுதி அது. ஏறத்தாழ 25 நிமிடம் ஓடுகிறது. படமாக்கியது அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு கடற்கரையில். துணை நடிகர்களில் பலர் அயர்லாந்து ராணுவத்தின் சேமப்படையினர். கை கால் சிதறியவர்களாக வருபவர்களில் உண்மையாகவே உறுப்பிழந்தவர்கள் இருந்தார்கள்.

அந்தக் காட்சி நம்மை உலுக்குவதற்கு ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி செய்த ஒரு காரியம் முக்கியமானது. சினிமா கேமராவில் ஃபிலிமுக்கு முன்னால் ஷட்டர் என்ற வட்டத் தகடு சுழன்றுகொண்டிருக்கும். வழக்கமாக அதன் திறப்பு 180 பாகை. நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும்போது ஒவ்வொரு சட்டகத்தின்மீதும் ஒரு நொடியில் 48-ல் ஒரு பங்கு நேரம் ஒளி விழும். அந்தச் சிறிய நேரத்துக்குள்ளும் ஓடுகிறவனின் கால் கொஞ்சம் நகர்ந்துவிடும். ஆகவே கால் லேசாக இழுபட்டதுபோலப் பதியும். நாம் திரையில் பார்க்கும் அசைவுகள் வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருப்பதற்கு இந்த இழுபடல்தான் காரணம். கமின்ஸ்கி திறப்பை 90 பாகைக்கும் சில இடங்களில் 45 பாகைக்கும் குறைத்தார். 45 பாகையில் ஒளி விழும் நேரம் நொடியில் 192-ல் ஒரு பங்கு. இழுபடல் மறைந்துவிட்டது. குண்டு விழுந்து எழும்பும் மணல், ஒரே புழுதியாகத் தெரியாமல், துகள் துகளாக, கட்டி கட்டியாகக் கண்ணில் குத்துகிறது. மனிதர்கள் வெட்டி வெட்டி நகர்கிறார்கள். இதோடு லென்சுகளின் மேற்பூச்சை நீக்கி, வண்ணத்தையும் வெளிறவைத்தார்கள். குண்டு அருகில் வெடித்ததும் படைத்தலைவனின் காதில் எல்லா ஓசையும் அமுங்கி, அலறுகிறவர்களின் வாய் மட்டும் அசைகிறது. வெடிச்சத்தம் காதை அடைத்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட உண்மை என்று தெரியும். படம் வெளிவந்தபோது, பழைய நினைவுகள் கிளம்பித் தவித்த முன்னாள் வீரர்களுக்காக அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் துறை தனியாகத் தொலைபேசி இணைப்பே ஏற்படுத்த வேண்டியிருந்தது. இந்த அளவு உண்மையை எட்டிய போர்க் காட்சி நான் பார்த்தவரையில் வேறில்லை.

பிழைகள் இதிலும் உண்டு. நீருக்குள் மூழ்கியவர்களைத் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்துக்கொண்டு போவதைக் காட்டுகிறார்கள். ரைபிள் குண்டு தண்ணீரில் ஒரு மீட்டர் சொச்சம் போவதற்குள் வேகமெல்லாம் இழந்துவிடும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; பளுவான மூட்டையோடு ஆழத்தில் இறங்கி மூழ்கிச் செத்தவர்கள் அன்று ஏராளம், அந்தக் கொடுமையை அதே காட்சி காட்டுகிறது. இன்னொரு பிழை எனக்கு உறுத்துகிறது. படத்தில் வரும் ரேஞ்சர் என்ற அமெரிக்கச் சிறப்புப் படைப்பிரிவினரைக் கரைக்குக் கொண்டுவந்தவை உண்மையில் பிரிட்டிஷ் கடற்படையின் தரையிறங்கு படகுகள். அந்தக் குண்டு மழைக்குள் படகைச் செலுத்தியவர்கள் பிரிட்டிஷ் மாலுமிகள். படத்தில் அவர்கள் அமெரிக்கர்களாகிவிட்டார்கள். சில வினாடிகள் வந்துபோகும் ஆட்கள்தான். ஆனாலும் சுக்கானைப் பிடித்திருந்த கையை மாற்றுவதற்குக் கதையில் என்ன தேவை இருந்தது?

வரலாறு தெரிந்தவர்களின் முக்கியமான குறை அடுத்த இரண்டு மணி நேரத்தைப் பற்றியது. கடைசி மகனைத் தேடி ஒரு சிறு படை எதிரியின் பகுதிக்குள் போகும் கதைக்கு மூலம், நைலண்ட் சகோதரர்கள் நால்வரின் வாழ்க்கை. இருவர் நார்மண்டியில் இறந்தார்கள். மூன்றாமவர் பர்மாவில் காணாமல் போய், இறந்தவராகக் கருதப்பட்டார். நாலாமவரான ஃபிரிட்ஸ் நைலண்டைத் தேடி எந்தப் படையும் போகவில்லை. படைப்பிரிவின் பாதிரியார் ஒருவர் அவரைக் கண்டுபிடித்தார், பிறகு ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். பர்மாவில் இறந்ததாக நினைத்த அண்ணனும் ஜப்பானியரின் சிறையிலிருந்து உயிரோடு திரும்பினார். படத்தின் இறுதிச் சண்டை நடக்கும் ரமெல் என்ற ஊர் வரைபடத்தில் இல்லை. கற்பனை செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் முதல் 25 நிமிடத்தின் உண்மை மீதிப் படத்துக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிடுகிறது. கொட்டகையை விட்டு வெளியே வருகிறவர் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நம்பிவிடுகிறார்.

நம் நாட்டிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். 1997-ல் வந்த ‘பார்டர்’ படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1971 டிசம்பர் 4 இரவு ராஜஸ்தான் பாலைவனத்தின் லோங்கேவாலா சாவடியில், மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் பஞ்சாப் ரெஜிமெண்டின் 120 பேர் போல இருந்தார்கள். எதிரே பாகிஸ்தானின் டாங்கிப் படையும் காலாட்படையும். இரவில் பறக்க வசதியில்லாத இந்திய விமானப்படையின் ஹண்டர் விமானங்கள் ஜெய்சால்மரிலிருந்து விடிந்த பிறகுதான் வர முடியும். அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். அவர்களைக் காப்பாற்றியதில் ஒரு முள்கம்பி வேலிக்கும் பங்கு உண்டு. முன்னேறி வந்த டாங்கிகள் இருட்டில் வெறும் முள்கம்பியைக் கண்டதும், அதற்குப் பின்னால் கண்ணிவெடி புதைத்திருப்பார்கள் என்று நினைத்து நின்றுவிட்டன. கண்ணிவெடியை அகற்றும் ஆட்கள் வந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று தெரிவதற்குள் விலைமதிப்பில்லாத நேரம் கழிந்துவிட்டது. விடிந்ததும் விமானங்கள் வந்தன. திறந்த மணலில் ஒளிய இடமில்லாத டாங்கிகள் ஒவ்வொன்றாக எரிந்தன. இந்தியத் தரப்பில் இறந்தவர்கள் இரண்டு பேர்.

இதை நினைத்துப் பாருங்கள். மணல்மேட்டின்மேல் சிலபேர், கீழே எஞ்சின் உறுமல், நடுவில் ஒரு கம்பி, கடிகாரம் நகர மறுக்கிறது. இதைவிட நெஞ்சைப் பிடிக்கும் நாடகத்தை எந்தக் கதாசிரியர் எழுதுவார்? படம் இந்தக் காத்திருப்பை விட்டுவிட்டு, நேருக்கு நேர் மோதலையும் வரிசையாக உயிர்த்தியாகங்களையும் வைத்தது. எல்லைப் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த பைரோன் சிங், படத்தில் டாங்கியோடு மோதி வீரமரணம் அடைகிறார். உண்மையான பைரோன் சிங் ரத்தோர் அந்தச் சண்டையில் உயிர் பிழைத்துப் பதக்கம் பெற்று, 2022 டிசம்பர் வரை வாழ்ந்தார். கால் நூற்றாண்டு காலம், தான் செத்துப்போனதாக நாடே நம்பும் ஒரு படத்தோடு ஒரு மனிதர் வாழ்ந்திருக்கிறார். உயிரோடு மீள்வது வீரத்தில் குறைச்சல் என்று நம் சினிமா ஏன் நினைக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

நான் மனதார ஒப்புக்கொள்ளும் மாற்றத்துக்கு உதாரணம், 1981-ல் வந்த ஜெர்மானியப் படம் ‘டாஸ் பூட்’. இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலில் திரிந்த ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் கதை. மூல நாவலை எழுதிய புக்ஹைம் போர்ச் செய்தியாளராக யு-96 என்ற கப்பலில் போய் வந்தவர். கப்பலின் உட்புறத்தை நிஜ அளவிலேயே கட்டி, அந்த இடுக்குக்குள் கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி எடுத்தார்கள். வெயிலைக் காணாத நிறம் வேண்டும் என்று நடிகர்களை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். இவ்வளவு செய்துவிட்டு, முடிவை மட்டும் நடந்ததற்கு மாறாக வைத்தார்கள்: ஆழத்திலிருந்து தப்பித் துறைமுகத்துக்குத் திரும்பிய கப்பல், கரையில் வாழ்த்துப் பாடல் ஒலிக்கும்போதே விமானத் தாக்குதலில் மூழ்குகிறது, அதைப் பார்த்தபடி கேப்டன் இறக்கிறார். உண்மையான யு-96 போரின் கடைசி மாதங்கள் வரை தப்பியிருந்து, 1945 மார்ச்சில்தான் குண்டுவீச்சில் அழிந்தது. அதன் கேப்டன் லேமன்-வில்லன்பிராக் 1986 வரை வாழ்ந்தார். அந்தப் படத்துக்கே ஆலோசகராக இருந்தார்.

‘பார்டர்’ உயிரோடு இருந்தவரைக் கொன்றது தவறு என்றால் இது மட்டும் எப்படிச் சரி என்று கேட்பீர்கள். இந்தப் படம் உண்மைக் கேப்டனின் பெயரைப் பயன்படுத்தவில்லை. அவருடைய சாவாக இதைக் காட்டவில்லை. இன்னொன்று, ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்களில் போன சுமார் 40,000 பேரில் 30,000 பேர் திரும்பவில்லை. யு-96 தப்பியதைக் காட்டியிருந்தால் அந்த ஒரு கப்பலைப் பொறுத்தவரை உண்மையாக இருந்திருக்கும், மற்றக் கப்பல்களைப் பொறுத்தவரை பொய்யாகியிருக்கும். நான்கில் மூன்று பேருக்கு நேர்ந்ததை அந்த ஒரு கப்பலின்மேல் ஏற்றினார்கள். இயக்குநர் வோல்ஃப்காங் பீட்டர்சன் கதையைச் சொன்ன விதம் புக்ஹைமுக்கே பிடிக்கவில்லை. நான் இந்த விஷயத்தில் பீட்டர்சன் பக்கம்.

இப்போது, என்னை உண்மையாகவே வருத்தும் படத்துக்கு வருகிறேன். 1957-ல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’. டேவிட் லீன் இயக்கியது. ஏழு ஆஸ்கர் வாங்கியது. சினிமாவாக அது ஒரு சாதனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ஜப்பானியரிடம் போர்க் கைதியாக இருக்கும் பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன், தன் ஆட்களின் ஒழுங்கைக் காப்பாற்றுவதற்காக எதிரிக்கு ஒரு ரயில் பாலத்தைக் கட்டிக் கொடுக்கிறார். கட்டக் கட்ட அதன்மேல் பற்று வளர்ந்து, அதைத் தகர்க்க வரும் சொந்த நாட்டுப் படையையே தடுக்கப் பார்க்கிறார். கடைசியில் பாலம் வெடித்து, ரயில் ஆற்றில் விழுகிறது.

படத்தை எடுத்தது இலங்கையில், கித்துல்கல என்ற ஊரில், களனி ஆற்றின்மேல். உண்மையாகவே பெரிய மரப்பாலம் கட்டினார்கள். உண்மையான ரயில் எஞ்சினையும் பெட்டிகளையும் கொண்டுவந்து, உண்மையாகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்றைய கணினி வித்தை ஒன்றும் கிடையாது. திரையில் நாம் பார்ப்பது நிஜ மரம், நிஜ இரும்பு, நிஜ வெடி. ஆனால் அப்படி ஒரு சம்பவம் வரலாற்றில் நடக்கவே இல்லை. மூல நாவலில்கூட பாலம் தப்பிவிடுகிறது. சயாமில் இருந்த நிஜப் பாலங்கள் இரண்டு, ஒன்று மரம், ஒன்று இரும்பு. கட்டி இரண்டு ஆண்டுகள் ஓடிய பிறகு, 1945-ல் நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசி அவற்றைத் தகர்த்தன.

வெடித்ததா இல்லையா என்பதுகூடச் சின்ன விஷயம். நிஜப் பாலங்களைக் கட்டிய முகாமில் பிரிட்டிஷ் கைதிகளின் தலைவராக இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஃபிலிப் டூசி. தன் ஆட்கள் அடிபட்டுச் சாகாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் ஒத்துப்போய், மறைவில் வேலையைக் கெடுத்தவர். கான்கிரீட்டைச் சரியாகக் கலக்காமல் விட்டார்கள். கரையான்களைப் பிடித்து வந்து மரத் தூண்களில் விட்டார்கள். தப்பியோடிய அதிகாரிகள் பிடிபடாமல் இருக்க, அவர்கள் காணாமல் போனதைத் தன்னால் முடிந்தவரை மறைத்து, அதற்காகத் தண்டனையும் பட்டார். அவர் இருந்த இடத்தில்தான் படம் நிக்கல்சனை நிறுத்தியது. எதிரியின் பாலத்தைக் கெடுத்தவர், எதிரியின் பாலத்தைக் காதலித்தவர் ஆகிவிட்டார். டூசியோடு இருந்த கைதிகள் கொதித்ததில் வியப்பில்லை. படத்தின் கொடூரமான ஜப்பானிய அதிகாரிக்கு சைட்டோ என்று பெயர். நிஜ முகாமிலும் ரிசபுரோ சைட்டோ என்று ஒருவர் இருந்தார்; கைதிகளை ஓரளவு நியாயமாக நடத்தியவர். போர் முடிந்ததும் டூசி அவருக்காகப் பரிந்து பேசினார். டூசி இறந்த பிறகு, 1984-ல், அந்த சைட்டோ இங்கிலாந்துக்குப் போய் அவருடைய கல்லறையில் நின்றார். பாலம் கட்டத் தெரியாமல் ஜப்பானியர்கள் தடுமாறியதாகக் காட்டியதும் பொய். திட்டம் போட்டுக் கட்டுவித்தவர்கள் ஜப்பானியப் பொறியாளர்களே.

இத்தனையும் ஒரு பக்கம் இருக்கட்டும். தமிழர்களாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த சயாம்–பர்மா ரயில் பாதையைப் போட்டவர்கள் யார்? நேசநாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள், குறைத்து மதிப்பிட்டாலே, 1,80,000 பேர். அவர்களில் இறந்தவர்கள் 90,000 பேர் அளவில் இருக்கும் என்கிறார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர். கூடவே மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள், பல்லாயிரக்கணக்கில். மலேசியத் தமிழர்கள் அதை இன்றும் ‘சயாம் மரண ரயில்’ என்றுதான் சொல்கிறார்கள். கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்ல ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள்.

படத்தில் கைதிகளின் சீட்டி கேட்கிறது, அணிவகுப்பு நடக்கிறது. இந்த மனிதர்கள் எங்கும் இல்லை. படப்பிடிப்பு நடந்ததோ தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வாழ்ந்த தீவில். மூல நாவலை எழுதிய பியர் பூல், போருக்கு முன்னால் மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர். தோட்டத்து ஆட்கள் எப்படி இருப்பார்கள் என்று தெரியாதவர்கள் இல்லை இவர்கள். கதைக்குத் தேவைப்படவில்லை, எடுத்துவிட்டார்கள்.

படம்தானே, பாடப் புத்தகமா என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு அந்த ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிஜப் பாலம் நின்றது மே குளோங் என்ற ஆற்றின்மேல். படம் ஓடிய பிறகு, க்வாய் ஆறு எங்கே என்று கேட்டுக்கொண்டு சுற்றுலாப் பயணிகள் பாலம் இருந்த காஞ்சனபுரி ஊருக்கு வர ஆரம்பித்தார்கள். தாய்லாந்துக்காரர்கள் அந்தப் பகுதி ஆற்றுக்கு க்வே யாய் என்று பெயரையே மாற்றிவிட்டார்கள். ஒரு படம் ஒரு ஆற்றின் பெயரை மாற்றும் என்றால், அது மனிதர்களின் நினைவை என்ன செய்யும்?

காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கைதிகளுக்கு 6,982 கல்லறைகள் இருக்கின்றன. புல்வெளி நடுவே வரிசை வரிசையாக. தெரிந்தவரை ஒவ்வொன்றிலும் பெயர், வயது, படைப்பிரிவு. தோட்டத் தொழிலாளர்களை விழுந்த இடத்தில் புதைத்தார்கள், எரித்தார்கள். பெயர்ப் பட்டியலே எங்கும் முழுமையாக இல்லை. அண்மை ஆண்டுகளில் மலேசியத் தமிழர்கள் முயன்று, காஞ்சனபுரியில் அவர்களுக்கு ஒரு நடுகல் எழுப்பினார்கள்.

‘க்வாய்’ படத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், அவசியம் பாருங்கள். பார்ப்பதற்கு முன்னால் ஒரு தகவலைத் தெரிந்துகொள்ளுங்கள். மலாயாவில் அந்த வேலைக்கு ஆள் பிடித்த விதங்களில் ஒன்றாகப் பழைய நினைவுக் குறிப்புகளில் வருவது இது: இலவசமாக சினிமா காட்டுகிறோம் என்று அறிவிப்பார்கள், கொட்டகை நிறைந்ததும் கதவுகளை அடைத்துவிட்டு, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலேற்றிவிடுவார்கள். உங்கள் குடும்பத்தில் மலாயா போய்த் திரும்பியவர்கள் இருந்தால், ‘சயாமுக்குப் போனவர்’ என்று யாரையாவது பெரியவர்கள் பேசியதுண்டா என்று விசாரியுங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் போதும், ஊரோடு சேர்த்து எழுதி வையுங்கள்.